காந்தம் எழுப்புமா?

தலையில் அடிபட்டோ, இதயம் நின்று மீண்டோ, மூளையில் இரத்தம் கசிந்தோ பல மாதங்களாக நினைவு திரும்பாமல் படுத்திருப்பவரின் குடும்பத்தார் இப்போதெல்லாம் மருத்துவரைப் பார்க்க வரும்போதே கைப்பேசியில் ஒரு காணொளியுடன் வருகிறார்கள். காணொளியின் முதல் பாதியில் ஒரு நோயாளி கூரையை வெறித்தபடி கிடப்பார். அடுத்து, எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்தாற்போன்ற ஒரு கருவியை அவர் தலையருகே பிடித்திருப்பார்கள். டக் டக்கென்று சத்தம் கேட்கும். கடைசியில் அதே நோயாளி கையைத் தூக்குவார் அல்லது யாரையோ பார்த்துத் தலையசைப்பார். இடையில் எத்தனை மாதங்கள் கடந்தன, வேறு என்னென்ன மருந்துகள் கொடுத்தார்கள் என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. "தம்பி, இந்தக் காந்த சிகிச்சையைக் கொடுத்தா இவன் எந்திரிச்சிடுவானா?" என்று ஒரு தாய் கேட்கும்போது ஆம் என்று சொல்லிவிட்டும் நகர முடியாது, இல்லை என்று சொல்லிவிட்டும் நகர முடியாது.

நான் நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் இத்தகைய நோயாளிகளை மதிப்பீடு செய்யும் வேலையில் இருப்பவன். டிஎம்எஸ் எனப்படும் காந்தத் தூண்டலை மூளையைச் சோதித்துப் பார்க்கவும் பயன்படுத்தலாம், மூளையை மாற்ற முயலவும் பயன்படுத்தலாம். குடும்பங்களும், விளம்பரம் செய்யும் மையங்களும் இரண்டாவது பயனைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் நனவுக் கோளாறு உள்ளவர்களைப் பொறுத்தவரை, இந்தக் கருவி இதுவரை உறுதியாகச் செய்து காட்டியிருப்பது முதல் வேலையைத்தான். பதில் சொல்ல இயலாத ஒரு மூளையிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதில் அது பெற்றிருக்கும் வெற்றி, அந்த மூளையை எழுப்புவதில் அது பெற்றிருக்கும் வெற்றியைக் காட்டிலும் பல மடங்கு பெரியது. அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் நோயாளி இருக்கும் நிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் கோமா என்றே சொல்லிவிடுகிறோம். கண்ணே திறக்காத உண்மையான கோமா பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் உயிர் பிரிந்துவிடும், அல்லது கண்கள் திறக்கும். கண்கள் திறந்த பிறகும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்த பிறகும், தன்னையோ சுற்றத்தையோ அறிந்ததற்கான எந்த அடையாளமும் தென்படாவிட்டால் அதற்கு ஜென்னட், பிளம் என்ற இரு மருத்துவர்கள் 1972இல் வெஜிடேட்டிவ் நிலை என்று பெயரிட்டார்கள். மனிதரைத் தாவரத்தோடு சேர்த்துப் பேசும் அந்தப் பெயர் பலருக்கு உறுத்தியதால், பதிலற்ற விழிப்பு நிலை என்ற பெயரை 2010இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே, 2002இல் குறைந்தபட்ச நனவு நிலை என்ற வகை வரையறுக்கப்பட்டது. இந்த வகையினரிடம் நனவின் அடையாளம் உண்டு. ஆனால் அது வரும், போகும். காலையில் சொன்னதைக் கேட்டு விரலை அசைத்தவர் மாலையில் கல்லைப்போல் கிடப்பார்.

அந்த அடையாளத்தைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு ஒரு கண்ணாடி போதும். கையில் பிடிக்கும் அளவுள்ள முகம் பார்க்கும் கண்ணாடியை நோயாளியின் முகத்துக்கு முன்னால் 4 முதல் 6 அங்குலத் தொலைவில் பிடிக்கிறோம். அவர் தன் கண்களைத் தானே பார்க்கும் கோணத்துக்கு அதைக் கொண்டுவந்து, சற்று நிறுத்தி, பிறகு மிக மெதுவாக வலப்பக்கமும் இடப்பக்கமும் மேலும் கீழுமாக நகர்த்துகிறோம். கண்மணிகள் கண்ணாடியை விடாமல் பின்தொடர்கின்றனவா, அல்லது தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பினவா என்பதைக் கண்ணாடியின் விளிம்புக்கு மேலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பேனாவையோ விரலையோ பின்தொடராத கண்கள் தன் முகத்தைப் பின்தொடர்வதுண்டு. கண்ணாடியில்தான் இந்தப் பின்தொடர்தல் அதிகம் வெளிப்படுகிறது என்று 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பேனாவைக் காட்டிவிட்டுப் பதிலில்லை என்று எழுதிய ஒரு குறிப்பு, ஒருவரை ஒரு வகையிலிருந்து வேறு வகைக்குத் தள்ளிவிடும்.

இந்தக் கண்ணாடிச் சோதனை சிஆர்எஸ்-ஆர் எனப்படும் அளவுகோலின் ஒரு பகுதி. கேட்டல், பார்த்தல், அசைவு, வாயசைவு மற்றும் பேச்சு, தொடர்பாடல், விழிப்பு என்னும் ஆறு பிரிவுகளில் 0 முதல் 23 வரை மதிப்பெண் தருவது அது. 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், மருத்துவக் குழு ஒருமித்து வெஜிடேட்டிவ் நிலை என்று முடிவு செய்திருந்த 44 பேரை இந்த அளவுகோலால் மறுபடியும் சோதித்தார்கள். அவர்களில் 18 பேரிடம், அதாவது 41 சதவீதத்தினரிடம், குறைந்தபட்ச நனவு இருந்தது. அனுபவமுள்ள குழுக்களிலேயே இந்தக் கதி. ஒரே ஒரு முறை சோதித்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது, இரண்டு வாரங்களுக்குள் குறைந்தது ஐந்து முறையாவது சோதிக்க வேண்டும் என்று 2017இல் இன்னொரு குழு பரிந்துரைத்தது. காந்தச் சிகிச்சை தொடங்கும் நாளில் ஒரு முறையும் முடியும் நாளில் ஒரு முறையும் மட்டும் மதிப்பெண் போட்டு, முன்னேற்றம் என்று அறிவிக்கிற இடங்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். மதிப்பெண்ணின் இயல்பான ஏற்ற இறக்கமே அந்த முன்னேற்றத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

ஐந்து முறை பொறுமையாகச் சோதித்தாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. மேற்சொன்ன சோதனை முழுவதும் உடலசைவை நம்பியது. நனவு இருந்தும் அசைவு இல்லாதவரை அது பிடிக்காது. 2006இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், வெஜிடேட்டிவ் நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, டென்னிஸ் விளையாடுவதாக மனத்துக்குள் எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். ஆரோக்கியமானவர்கள் அதே கற்பனையைச் செய்யும்போது எந்தப் பகுதி ஒளிருமோ, அதே பகுதி அவருக்கும் ஒளிர்ந்தது. 2010இல் 54 நோயாளிகளை இப்படிச் சோதித்தபோது ஐவரால் தங்கள் மூளைச் செயல்பாட்டை விரும்பியபடி மாற்ற முடிந்தது. அவர்களில் ஒருவர் ஆம், இல்லை என்று பதிலும் சொன்னார். 2024இல் பல நாடுகளின் மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை அந்தக் கட்டளையைப் பின்பற்றியது தெரிந்தது. நான்கில் ஒருவர். இந்த எண்ணிக்கையைப் படித்த அன்று, அதற்கு முன் நான் எழுதிய குறிப்புகளின் மேலெல்லாம் ஒரு கேள்விக்குறி விழுந்ததுபோல் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இந்த முறைகளும் நோயாளியின் ஒத்துழைப்பைக் கேட்கின்றன. காது கேட்க வேண்டும், மொழி புரிய வேண்டும், சொன்னதை நினைவில் வைத்துச் சில நிமிடங்கள் கவனம் சிதறாமல் கற்பனை செய்ய வேண்டும். மூளையின் மொழிப் பகுதி சிதைந்து, நனவு மட்டும் மிஞ்சியிருப்பவர் இந்தத் தேர்விலும் தோற்றுவிடுவார். நோயாளி எதுவும் செய்யத் தேவையில்லாத ஒரு சோதனை வேண்டியிருந்தது. காந்தத் தூண்டல் இந்தக் கதைக்குள் வருவது அந்த இடத்தில்.

கருவியின் அடிப்படை எளிதானது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டியது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. இங்கே கடத்தி என்பது மூளைத் திசு. மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரு செப்புச் சுருளின் வழியாகச் சட்டென்று பாய்ச்சினால், பல ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் எழுந்து அடங்கும். அப்போது உண்டாகும் காந்தப்புலத்தின் உச்சம் ஒன்றரை முதல் இரண்டரை டெஸ்லா வரை இருக்கும், அதாவது எம்ஆர்ஐ கருவியின் காந்தத்துக்கு நிகராக. மண்டையோடு இதைத் தடுப்பதில்லை. உள்ளே மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியில் சிறு மின்னோட்டம் தோன்றி நரம்புச் செல்களைத் துடிக்க வைக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் 1985இல் இதை முதன்முதலில் மனித மூளையில் வெற்றிகரமாகச் செய்து காட்டினார்கள். எட்டு வடிவச் சுருள் பிறகு வந்தது; இரண்டு வளையங்கள் சந்திக்கும் நடுப்புள்ளியில் தூண்டலைக் குவிப்பதற்காக. அதன் வீச்சு தலையின் மேற்பரப்பிலிருந்து சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழம்வரைதான். மூளையின் மையத்திலுள்ள தாலமஸையோ, விழிப்பை ஆளும் மூளைத்தண்டையோ இது நேரடியாகத் தொடாது. பின்னால் இதற்கு ஒரு முக்கியத்துவம் இருக்கிறது.

எந்தப் பயன்பாடாக இருந்தாலும் வேலை ஒரு கட்டைவிரலில் தொடங்குகிறது. கையை ஆளும் இயக்கப் பகுதியின் மேல் சுருளை வைத்து, சில மில்லிமீட்டர்கள் நகர்த்தி நகர்த்தி, எதிர்ப்பக்கக் கட்டைவிரல் துள்ளும் இடத்தைத் தேடுகிறோம். கையில் ஒட்டிய மின்முனைகள் வழியாகத் தசையின் பதில் திரையில் சிறு மேடாகத் தெரியும். பத்துத் துடிப்புகளில் ஐந்து முறை 50 மைக்ரோவோல்ட்டுக்குக் குறையாத பதில் வரும் மிகக் குறைந்த வலிமையே அந்த நோயாளியின் இயக்க வரம்பு. மற்ற அளவுகள் எல்லாம் அதன் சதவீதமாகவே கணக்கிடப்படும். ஆரோக்கியமானவரிடம் இது சிறிது நேரத்தில் முடிந்துவிடும். நனவுக் கோளாறு உள்ளவரிடம் இந்த முதல் படியிலேயே கால் இடறும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை அறுந்திருந்தால் எவ்வளவு வலிமை கூட்டினாலும் விரல் அசையாது. விறைப்பினால் மடங்கிக் கிடக்கும் கையில் தசை ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் பதிலைப் பிரித்தறிவது கடினம். விரல் துள்ளிவிட்டால் அறையில் நிற்கும் உறவினர் முகம் மலரும். அது நோயாளி அசைத்த விரல் இல்லை, நாங்கள் அசைத்த விரல் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது எங்கள் வழக்கம். சொன்ன பிறகும் அந்த மலர்ச்சி மறைவதில்லை.

சுருளின் துடிப்போடு, தலையில் ஒட்டிய மின்முனைகளால் மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி பதிவையும் சேர்த்ததில்தான் பெரிய திருப்பம் நேர்ந்தது. மூளை ஆய்வாளர்கள் மார்செல்லோ மாஸிமினி, ஜூலியோ டோனோனி குழுவினர் 2005இல் ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். விழித்திருக்கும் மூளையில் ஓர் இடத்தைத் தூண்டினால் என்ன நடக்கும், கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தில் அதே இடத்தை அதே வலிமையில் தூண்டினால் என்ன நடக்கும்? விழித்திருந்தபோது, தூண்டிய இடத்தில் எழுந்த அலை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அடுத்த பகுதி, அதற்கடுத்த பகுதி என்று மாறி மாறிப் பயணம் செய்தது. உறக்கத்தில் அலை எழுந்தது. தூண்டிய இடத்திலேயே பெரிதாகப் பொங்கி, அங்கேயே அடங்கிவிட்டது. நரம்புச் செல்கள் உயிரோடுதான் இருந்தன, வேலையும் செய்தன. ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது நின்றிருந்தது. மண்பானையைச் சுண்டிப் பார்த்து ஓசையிலிருந்து அதன் விரிசலை அறிவது போன்ற வேலை இது. சுண்டுவது காந்தம், ஓசையைக் கேட்பது இஇஜி.

கேட்ட ஓசையை ஓர் எண்ணாக்கியதுதான் 2013இல் வந்த அடுத்த படி. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான துடிப்புகள் கொடுத்து, கிடைக்கும் பதில்களைச் சராசரியாக்கி, மூளையின் எந்தப் பகுதி எந்த மில்லிநொடியில் எழுந்தது என்பதை ஒன்றும் பூஜ்யமுமாக ஓர் அட்டவணையில் நிரப்புகிறார்கள். பிறகு அந்த அட்டவணையைக் கணினிக் கோப்பைச் சுருக்குவதற்குப் பயன்படும் லெம்பல்-ஜிவ் முறையால் சுருக்கிப் பார்க்கிறார்கள். அலை ஒரே இடத்தில் தங்கிவிட்டால் அட்டவணை எளிதாகச் சுருங்கும். மூளை முழுவதும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி எழுந்து அடங்கினாலும் எளிதாகச் சுருங்கும். வலிப்பு வந்த மூளையை நினைத்துக்கொள்ளலாம். பல பகுதிகள் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தனக்கே உரிய விதத்தில் பதிலளித்தால் மட்டும் அட்டவணை சுருங்க மறுக்கும். இந்தச் சுருங்காமையின் அளவே பிசிஐ எனப்படும் குறியீடு. அது 0க்கும் 1க்கும் இடையில் அமையும்.

இக்குறியீட்டை நான் மதிப்பதற்குக் காரணம், அது அளக்கப்பட்ட விதம். நோயாளிகளிடம் போவதற்கு முன், நனவு உண்டா இல்லையா என்பதில் ஐயமே இல்லாத நிலைகளில் அதைச் சரிபார்த்தார்கள். நிலையைச் சொல்லத் தெரிந்தவர்களிடம் முதலில் அளப்பது, அதில் வரம்பை நிர்ணயிப்பது, அதன் பிறகு சொல்ல முடியாதவர்களிடம் போவது என்பதே வரிசை. மயக்க மருந்துகளில் ஒரு விசித்திரமான சோதனையும் நடந்தது. புரோபொஃபால், செனான் ஆகியவற்றால் மயங்கியவர்கள் விழித்த பிறகு எதையும் உணர்ந்ததாகச் சொல்லவில்லை. அவர்களின் குறியீடு தாழ்ந்திருந்தது. கெட்டமின் கொடுக்கப்பட்டவர்களும் வெளியிலிருந்து பார்த்தால் அதே போல அசைவற்றுக் கிடந்தார்கள்; ஆனால் விழித்த பிறகு அடர்த்தியான கனவுகளை விவரித்தார்கள். அவர்களின் குறியீடு விழித்திருப்பவர்களுடையதைப்போல் உயர்ந்தே இருந்தது. உடல் அடங்கியிருப்பதையும் உள்ளே ஒருவர் இல்லாதிருப்பதையும் பிரித்துச் சொல்ல ஒரு கருவியால் முடிந்தது. எனக்குத் தெரிந்தவரை இத்துறையில் இதைவிடத் தெளிவான ஒரு செயல்விளக்கம் இல்லை.

2016இல் இதே குழு 0.31 என்ற வரம்பை நிர்ணயித்து நோயாளிகளிடம் சோதித்தது. குறைந்தபட்ச நனவு நிலையிலிருந்த 38 பேரில் 36 பேர் அந்த வரம்பைத் தாண்டினார்கள். வெஜிடேட்டிவ் நிலை என்று குறிக்கப்பட்ட 43 பேரில் 9 பேரும் தாண்டினார்கள். அந்த ஒன்பது பேரின் படுக்கையருகே எந்தக் கண்ணாடியும், எந்தக் கட்டளையும் பயன் தரவில்லை. அவர்களின் மூளை மட்டும் நனவுள்ள மூளையின் சிக்கலான பதிலைத் தந்தது. அதற்கு நேர் எதிராக, எவ்வளவு தூண்டியும் எந்த அலையும் எழாத மூளைகளும் அந்த 43 பேரிடையே இருந்தன. ஒரே பெயர்ச்சீட்டின் கீழ் முற்றிலும் வேறுபட்ட மனிதர்கள் அடைபட்டிருக்கிறார்கள் என்பது அன்று தெரிந்தது. சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தியை மறக்கக் கூடாது.

எளிதாகச் செய்துவிடக்கூடிய சோதனை என்று யாரும் எண்ண வேண்டாம். செத்த திசுவின் மேல் சுருளை வைத்துத் தூண்டினால் பதில் வராது. அதைக் கண்டு மூளையே அணைந்துவிட்டது என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழை. ஆகவே நோயாளியின் எம்ஆர்ஐ படத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உயிருள்ள பகுதியைத் தேடி, பல இடங்களில் செய்ய வேண்டும். ஒவ்வொரு துடிப்போடும் சுருள் எழுப்பும் சத்தம் காதுக்குள் போனால், மூளை அந்தச் சத்தத்துக்கும் பதிலளிக்கும். அதை மறைக்கக் காதில் இரைச்சலை ஒலிக்கவிட வேண்டும். காந்தத் துடிப்பின் தாக்கத்தைத் தாங்கும் தனி வகை இஇஜி கருவி வேண்டும். கண் சிமிட்டல், நெற்றித் தசையின் துடிப்பு, வியர்வை, அருகில் ஓடும் உணவுப் பம்ப் என்று எல்லாமே பதிவைக் கெடுக்கும். சாதாரண மருத்துவமனைகளுக்கு இது இன்னும் வந்து சேராததற்கு இவையே காரணம்.

இனி, காணொளியில் வரும் சிகிச்சைக்கு வருகிறேன். துடிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுக்காமல் சீரான தாளத்தில் தொடர்ந்து கொடுத்தால், தூண்டல் நின்ற பிறகும் அந்தப் பகுதியின் கிளர்ச்சித்தன்மை சிறிது நேரம் மாறியே இருக்கும். பொதுவாக, நொடிக்கு 5 அல்லது அதற்கு மேற்பட்ட துடிப்புகள் கிளர்த்தும். நொடிக்கு 1 அல்லது அதற்குக் கீழ் அடக்கும். தீட்டா பர்ஸ்ட் என்ற தாளத்தில் 600 துடிப்புகளை மூன்று நிமிடங்களை ஒட்டிய நேரத்தில் கொடுத்துவிடலாம். மனச்சோர்வுக்கு இம்முறை பயன் தருகிறது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் அதற்கு அனுமதி அளித்தது. அங்கே கிடைத்த நற்பெயரைத்தான் இங்கே கொண்டுவந்து செலவழிக்கிறார்கள். மனச்சோர்வுள்ளவரின் மூளையில் பாதைகள் அறுந்திருப்பதில்லை. நம் நோயாளியின் மூளையில் எந்தப் பாதை மிஞ்சியிருக்கிறது என்பதே தெரியாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

சிகிச்சையின் பின்னால் உள்ள யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். முன்மூளைப் புறணி, அதன் கீழுள்ள நரம்புச் செல் தொகுதிகளான ஸ்ட்ரையேட்டம், பாலிடம், நடுவிலுள்ள தாலமஸ் ஆகியவை ஒரு சுற்றாக இணைந்திருக்கின்றன. பலத்த காயத்தில் இந்தச் சுற்று தளர்ந்தால் பாலிடத்தின் கடிவாளம் அவிழ்ந்து, அது தாலமஸை அளவுக்கு மீறி அடக்கிவிடும். தாலமஸ் அடங்கினால் புறணி மேலும் தூங்கும் என்பது நரம்பியல் ஆய்வாளர் நிக்கோலஸ் ஷிஃப் முன்வைத்த விளக்கம். சுருளால் தாலமஸை எட்ட முடியாது என்று முன்பே சொன்னேன். ஆகவே மேலே எட்டக்கூடிய முன்மூளைப் புறணியைத் தூண்டி, அங்கிருந்து கீழே இறங்கும் நரம்புகள் வழியாகச் சுற்றை உசுப்ப முடியுமா என்று பார்க்கிறார்கள். இந்த வழி வேலை செய்ய, மேலிருந்து கீழே போகும் நரம்புகள் மிஞ்சியிருக்க வேண்டும். அவை இல்லாதவரிடம் சுருள் சத்தம் மட்டுமே போடும்.

நடந்த ஆய்வுகளைப் பார்த்தால் மனம் கொஞ்சம் சோர்வடையும். 2009இல் ஒரே ஒரு நோயாளியிடம் தொடர் அமர்வுகளுக்குப் பின் நடத்தையில் மெல்லிய முன்னேற்றம் தெரிந்ததாகச் செய்தி வந்தது, ஆர்வம் பற்றிக்கொண்டது. 2015இல் வெஜிடேட்டிவ் நிலையிலிருந்த 11 பேருக்கு இயக்கப் புறணியில் 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 துடிப்புகள்) தூண்டலையும், தூண்டுவதுபோல் பாவனை மட்டும் செய்யும் போலித் தூண்டலையும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் வேறுபாடு தென்படவில்லை. அதன் பிறகு வந்த சிறு ஆய்வுகள் பல திசைகளில் போகின்றன: சிலர் இடப்பக்க முன்மூளையைத் தூண்டுகிறார்கள், சிலர் தலையின் பக்கவாட்டுப் பகுதியை, தாளமும் அமர்வுகளின் எண்ணிக்கையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. பலன் கிடைத்ததாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலும் அது குறைந்தபட்ச நனவு நிலையில் உள்ளவர்களுக்கே கிடைத்திருக்கிறது. பாதை மிஞ்சியிருப்பவருக்குத்தான் பயன் என்ற விளக்கத்தோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் உறுதிப்படுத்தப் போதாது.

போலித் தூண்டலோடு ஒப்பிட வேண்டும் என்று வற்புறுத்துவதை வறட்டுப் பிடிவாதமாகச் சிலர் பார்க்கிறார்கள். இந்த நோயாளிகளில் கணிசமானோர், குறிப்பாகத் தலைக்காயம் பட்டவர்கள், முதல் ஆண்டில் தாமாகவே மேலே வருகிறார்கள். சிலர் அதற்குப் பிறகும் வருகிறார்கள். நிரந்தர வெஜிடேட்டிவ் நிலை என்ற சொல்லைக் கைவிட்டு, நாள்பட்ட நிலை என்று குறிப்பிடும்படி அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொன்னதே இதனால்தான். அடிபட்ட நான்காம் மாதத்தில் சுருளை வைத்து ஐந்தாம் மாதத்தில் கண் பின்தொடர்ந்தால், பெருமை சுருளுக்கா காலத்துக்கா? அதே நேரத்தில் தூக்கம் வரவைக்கும் மருந்தைக் குறைத்திருப்பார்கள், சிறுநீர்த் தொற்று நீங்கியிருக்கும், மூளையில் தேங்கிய நீரை வடித்திருப்பார்கள், குடும்பமே சுற்றி நின்று பேசத் தொடங்கியிருக்கும். இவை ஒவ்வொன்றும் தனியாகவே ஒருவரை ஒரு படி மேலே கொண்டுவரக்கூடியவை. இவற்றில் எதையும் காணொளி எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாத்திரையைச் சொல்கிறேன். அமாண்டடின் என்ற பழைய மருந்தை, தலைக்காயம் பட்டு 4 முதல் 16 வாரங்கள் கடந்த 184 பேரிடம் நான்கு வாரங்கள் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 2012இல் ஆய்வு வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் அந்தக் காலத்தில் வேகமாக முன்னேறினார்கள். மந்திரம் எதுவும் நிகழவில்லை. மருந்தை நிறுத்தியதும் வேகமும் குறைந்தது. ஆனால் அது வேலை செய்கிறது என்று தயங்காமல் சொல்ல முடிகிறது. காந்தத் தூண்டலுக்கு அப்படியொரு ஆய்வு எனக்குக் காட்டப்பட்டால் நான் மகிழ்ச்சியோடு பக்கம் மாறுவேன்.

ஆபத்தைப் பற்றியும் ஒரு சொல். வலிப்பு இங்கே முதன்மையான கவலை. ஆரோக்கியமானவருக்கு அது மிக அரிது. காயம்பட்ட மூளைக்கு இயல்பிலேயே வலிப்பு வரும் சாத்தியம் கூடுதல். தலைக்குள் இரும்பு கலந்த கிளிப், காதுக்குள் கேட்க உதவும் காக்ளியர் கருவி, மூளையில் தேங்கும் நீரை வடிக்கும், காந்தத்தால் அழுத்தத்தை மாற்றியமைக்கும் வால்வு கொண்ட ஷன்ட் குழாய் ஆகியவை இருந்தால் சுருளை அருகே கொண்டுபோகவே கூடாது, அல்லது மிகுந்த யோசனைக்குப் பிறகே கொண்டுபோக வேண்டும். மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்தால் கணக்குகள் மாறும். இவை எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது வேறு. தலையில் நொடிக்குப் பத்து முறை தட்டும்போது சாதாரண நோயாளி, "போதும், வலிக்குது" என்று சொல்லலாம். இவரால் சொல்ல முடியாது. அந்த 43 பேரில் 9 பேரைப்போல உள்ளே விழித்திருக்கும் ஒருவராக இவர் இருந்தால், நெற்றித் தசை வெட்டி இழுக்கும் ஒவ்வொரு அமர்வையும் அவர் முழுமையாக உணர்ந்துகொண்டுதான் இருப்பார். ஆகவே இதயத் துடிப்பையும் முகச் சுளிப்பையும் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். காதடைப்பானை மறக்கக் கூடாது.

அந்தத் தாயிடம் நான் என்ன சொல்வேன் என்றால், சிகிச்சையை முற்றாக மறுக்கச் சொல்ல மாட்டேன். "அம்மா, போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சில விஷயம் கேட்டுட்டுப் போங்க" என்றுதான் சொல்வேன். தொடங்குவதற்கு முன் எத்தனை முறை, யார் மதிப்பீடு செய்வார்கள்? அந்த மதிப்பீட்டாளருக்கு, கொடுத்தது உண்மைத் தூண்டலா போலியா என்று தெரியுமா? எந்த இடத்தைத் தூண்டப் போகிறார்கள், அந்த இடம் இவருடைய எம்ஆர்ஐயில் உயிரோடு இருக்கிறதா? முறையான ஆய்வின் பகுதியாகச் செய்கிறார்களா, கட்டணம் வாங்கிச் செய்கிறார்களா? எத்தனை அமர்வுகளுக்குப் பிறகு பலனில்லை என்று நிறுத்துவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் வீட்டை அடமானம் வைக்க வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அதற்கு முன், மருந்துப் பட்டியலை ஒரு நல்ல நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, விழிப்பை மங்கச் செய்யும் மருந்து ஏதேனும் தேவையின்றித் தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். செலவில்லாத இந்த வேலையில் சில சமயம் கிடைக்கும் பலன் எந்தச் சுருளும் தராதது.

எனக்கு ஆசையாக இருக்கும் ஆய்வு ஒன்று உண்டு. ஒரே கருவியின் இரண்டு வேலைகளையும் அது ஒரே வரிசையில் வைக்கும். முதலில் ஒற்றைத் துடிப்புகளாலும் இஇஜியாலும் ஒவ்வொரு நோயாளியின் மூளையும் எந்த வகையில் பதிலளிக்கிறது என்று அளக்க வேண்டும். அலை எழாதவர், அலை எழுந்து அங்கேயே அடங்குபவர், சிக்கலான அலை எழுந்தும் உடல் அசையாதவர் என்று அவர்களைப் பிரித்த பிறகு, ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேருக்கு உண்மைத் தூண்டலும் பாதிப்பேருக்குப் போலித் தூண்டலும் கொடுத்து, மதிப்பிடுபவருக்கு எது எதுவென்று தெரியாமல், மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும். மூன்றாம் பிரிவில் பலன் தெரிந்து முதல் பிரிவில் தெரியாமல் போனால், பாதைகள் மிஞ்சியிருப்பவருக்கே இச்சிகிச்சை என்ற யோசனைக்கு முதன்முறையாக வலுவான ஆதாரம் கிடைக்கும். எங்குமே தெரியாமல் போனால், இந்தக் குடும்பங்களின் பணமும் நோயாளிகளின் உடலும் வேறு வழிகளுக்குத் திரும்பும். ஒரு மையத்துக்குக் கிடைக்கும் நோயாளிகள் இதற்குப் போதாது. பல மையங்கள் ஒரே தாளத்தையும் ஒரே அளவுகோலையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். இப்போதைக்கு ஒவ்வொரு மையமும் தன் தாளத்தையே சிறந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.